விழத் தெரியாத மேஸ்திரி

மேஸ்திரி இருபத்திரண்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறவர். கட்டடத்தையும் புகைபோக்கியையும் சுற்றி இரும்புக் குழாய் நிறுத்தி, கிளாம்பு போட்டு முறுக்கி, பலகை பரப்பி, மற்றவர்கள் நின்று வேலை பார்க்க வழி பண்ணிக் கொடுக்கிற தொழில். அந்த இருபத்திரண்டு வருஷத்துப் படிப்பையும் பிழிந்தால் ஒரே சொட்டுதான் மிஞ்சும்: மேலே போனவன் விழக் கூடாது.

இப்பேர்ப்பட்ட ஆளை, விழக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி கம்பெனி ஐந்து நாளைக்கு அனுப்பிவைத்தது.

அனுப்பும்போது கம்பெனிக்கும் அது தெரியாது. சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: ஆறு பேருக்கு மேல் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இனிமேல் 'நடைமுறை ஞானமும் தலைமைப் பண்பும்' என்கிற வயதுவந்தோர் கருத்தரங்கில் தங்கிப் படித்துத் தேறியிருக்க வேண்டும். தேறாதவர் ஏறலாம், இறங்கலாம், சுமக்கலாம். மற்றவரை ஏறு என்றோ இறங்கு என்றோ சொல்லக் கூடாது. மேஸ்திரியிடம் பதினோரு பேர் இருந்தார்கள். திங்கட்கிழமை நூற்று நாற்பது அடிப் புகைபோக்கிக்குச் சாரம் தொடங்க வேண்டும்.

"நான் தேறலேன்னா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"ஸ்டோர்கீப்பர் தேறியிருக்காரே. அவரு ஏறச் சொல்லுவாரு, உங்க ஆளுங்க ஏறுவாங்க."

"காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு அவருக்குத் தெரியுமா சார்?"

"சான்றிதழ் இருக்கு."

ஸ்டோர்கீப்பர் வாழ்நாளில் ஏறிய உயரம் ஸ்டோரிலிருக்கும் மூன்றாவது தட்டு. அதற்கும் இப்போதெல்லாம் ஆள் அனுப்புகிறார். கட்டி முடித்த சாரத்தின் காலடியில் ஒரு பச்சைச் சீட்டுத் தொங்கும். 'ஏறலாம்' என்று அதில் மேஸ்திரி கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். தன் கால் படாத பலகைக்கு அவர் அந்தக் கையெழுத்தைப் போட்டதே இல்லை. உச்சிப் பலகையில் ஒரு தரம் குதித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்துதான் பேனாவைத் திறப்பார். இனிமேல் அந்தச் சீட்டில் ஸ்டோர்கீப்பர் கையெழுத்து வரும், மூன்றாவது தட்டிலிருந்து.

குழுவில் எல்லாருக்கும் மேலே நிற்கிறவன் மேஸ்திரியின் மச்சினன்.

"மாமா, எப்படியாச்சும் தேறிட்டு வந்துடுங்க. அந்தாளு பேச்சக் கேட்டு ஏறணும்னா நான் வேற வேலைக்குப் போயிடுவேன்."

"வேற வேலைக்கு எங்கடா போவ?"

"அது தெரியாமத்தான தேறிட்டு வாங்கன்னு கெஞ்சறேன்."

மேஸ்திரியின் மனைவிக்கு அவ்வளவு கவலை இல்லை. "மெத்தை, தலகாணியெல்லாம் குடுப்பாங்களாம். அஞ்சு நாள் நல்லாத் தூங்குங்க. குறட்டைக்கு மார்க்கு கொறைப்பாங்களான்னு மட்டும் மொதல்லயே கேட்டுக்கங்க" என்றாள்.

*

வாசலிலேயே மார்பில் ஒரு அட்டையைக் குத்திவிட்டார்கள். அதில் பேர் இல்லை. 'கற்பவர் 17' என்று இருந்தது. யார் வணக்கம் சொன்னாலும் பதிலுக்கு "நான் திறந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். மனம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பத்து மதிப்பெண். முதல் நாள் காலையில் குளியலறைக் கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து "திறந்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. நம்பித் தள்ளிய ஒருவர் அப்புறம் மூன்று நாளைக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

மேஸ்திரியின் அறைக்கூட்டாளி பஸ் டிப்போவில் டிக்கெட் செக்கர். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார்.

"ரெண்டு தடவை கோட்டைவிட்டேன். இப்ப சூட்சுமம் புரிஞ்சுடுச்சு" என்றார், மெத்தையில் சாய்ந்தபடி. "இங்க தேறணும்னா ஒரே வழிதான். எதையும் செஞ்சு தொலைச்சிடாதீங்க."

"செய்யாம எப்படிங்க?"

"பாத்தீங்களா, இந்தக் கேள்விக்கே ரெண்டு மார்க்கு போச்சு."

நூறுக்கு நாற்பது வாங்கினால் தேர்ச்சி. மொத்தம் இருபத்து நான்கு பேர். பெரிய கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தார்கள். வட்டத்துக்குத் தலைப்பக்கம் கிடையாது, எல்லாரும் சமம் என்றார்கள். இயக்குநர் மட்டும் வட்டத்துக்கு வெளியே, ஒரு மேடை மேல், சாய்வு நாற்காலியில் இருந்தார். வெள்ளைத் தாடி, மெத்தென்ற கை, இமை தட்டாமல் பார்க்கிற கண். பேச ஆரம்பிப்பதற்கு முன் வெகுநேரம் சும்மா இருந்தார். அதற்கும் பேர் உண்டு, 'தயாரிப்பு மௌனம்'.

"ஞானம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "புத்தகத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. அது உங்களிடமே இருக்கிறது. உங்களிடமிருக்கும் அதை எடுத்து உங்களுக்கே கொடுப்பதுதான் இந்த நிறுவனத்தின் பணி. எடுக்கும்போது கொஞ்சம் சேதாரம் ஆகலாம். அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் அதற்கு நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்."

கைதட்டினார்கள். கைதட்டலை மதிப்பீட்டாளர் அம்மா குறித்துக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் எப்போதும் அட்டையில் செருகிய தாள், காதோரம் பென்சில். இருமினாலும் குறித்துக்கொள்வார்.

இரண்டாம் நாள் கதவுப் பாடம். தலைவர் என்பவர் பிறருக்கு வழிவிடுகிறவர். ஆகவே சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது ஒருவருக்கொருவர் வழிவிட வேண்டும், அதற்குப் பதினைந்து மதிப்பெண். மணி அடித்ததும் இருபத்து நான்கு பேரும் கதவடியில் நின்று, "நீங்க போங்க", "ஐயோ, நீங்க போங்க", "முதல்ல நீங்க" என்று ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சோற்றுக்கு மேல் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மேஸ்திரி கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று உள்ளே போய்த் தட்டெடுத்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்.

"எனக்கு வார்டுல பத்து நிமிஷத்துல சாப்பிட்டுப் பழக்கம்ண்ணே. இந்தக் கூத்துக்கெல்லாம் வயிறு கேக்காது" என்றார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கதவைச் சாத்தும்வரை மற்ற இருபத்திரண்டு பேரும் வெளியேதான் நின்றார்கள். அத்தனை பேருக்கும் பதினைந்துக்குப் பதினைந்து. வயிறு நிறைந்த இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

*

மூன்றாம் நாள் வந்தது 'நம்பி விழுதல்'. இயக்குநர் தாமே கண்டுபிடித்துப் பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஒருவர் மேசை மேல் ஏறித் திரும்பி நின்று, கண்ணை மூடி, மரம் சாய்கிற மாதிரி பின்னால் சாய வேண்டும். கீழே எட்டுப் பேர் எதிரெதிராக நின்று கையில் தாங்கிப் பிடிப்பார்கள். இருபது மதிப்பெண்.

ஒவ்வொருவராக ஏறினார்கள், விழுந்தார்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நர்ஸ் அக்காவின் இரண்டு கை அத்தனை உடம்பையும் பிடித்துத் தரையில் நிறுத்தியது. செக்கர் விழும்போது "டிப்போவே!" என்று அலறினார். அது தன்னெழுச்சியாக வந்தது என்று கூடுதலாக ஒரு மதிப்பெண் கிடைத்தது.

மேஸ்திரி முறை வந்தது. அவர் மேசையில் ஏறவில்லை. குனிந்து அதன் கால்களைப் பார்த்தார். ஒரு கால் குட்டை. இயக்குநர் எழுதிய கையேட்டை நாலாக மடித்து அதன் கீழே செருகி, ஆட்டிப் பார்த்தார். ஐந்து நாளில் அந்தக் கையேடு யாருக்காவது உபயோகப்பட்டது என்றால் அது அந்த மேசைக்குத்தான். அப்புறம் பிடிக்கிறவர்களிடம் வந்தார்.

"மோதிரம், கடிகாரம் எல்லாத்தையும் கழட்டுங்க. சட்டைப் பையில பேனா இருந்தா எடுத்துடுங்க, கண்ணுல குத்தும். காலைச் சேத்து வைக்காதீங்க, ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னால. இடுப்பு வலி யாருக்கு இருக்கு?"

மூன்று பேர் கை தூக்கினார்கள்.

"அப்புறம் ஏங்க இங்க நிக்கறீங்க? ஒதுங்குங்க. நீங்க மூணு பேரு வாங்க. யாரு எண்ணறது? ஒருத்தர்தான் எண்ணணும். அக்கா, நீங்க எண்ணுங்க."

முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் ஏறி, திரும்பி நின்றார். நர்ஸ் அக்கா மூன்று எண்ணினார். மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். மறுபடி மூன்று எண்ணினார். மேஸ்திரிக்கு விழ மனசுதான், மச்சினன் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கால் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பலகையைக் கவ்விப் பழகிய கட்டைவிரல்கள் மேசையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றன.

"ஏன் தயங்குகிறீர்கள்? உங்கள் தோழர்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார் இயக்குநர்.

"இருக்கு சார். இவ்வளவு பேரு கீழ நிக்கறாங்களேன்னுதான் விழ முடியல. மேல இருந்து கீழ ஒரு போல்ட்டு விழுந்தாலே எங்க ஊட்டுல சோறு எறங்காது."

"நீங்கள் எதையுமே நம்பிக் கைவிட்டதில்லையா?"

"குழாயக்கூட கயிறு கட்டித்தான் சார் கீழ விடுவோம்."

மதிப்பீட்டாளர் அம்மா எழுதினார்: 'ஆயத்தம் நாற்பத்தைந்து நிமிடம். வீழ்ச்சி இல்லை. நம்பிக்கை: பூஜ்யம்.'

இயக்குநர் வட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "கவனியுங்கள். இவரிடம் இருப்பது அறிவு. ஞானத்துக்கு அதைவிடப் பெரிய தடை இல்லை. ஒன்றுமே தெரியாத நீங்களெல்லாம் எவ்வளவு அழகாக விழுந்தீர்கள்!"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

*

நான்காம் நாள் ஒப்படைத்தல். தலைவர் கை அழுக்காகக் கூடாது. தன்னிடம் வந்த வேலையை வந்த வேகத்தில் அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தெரிய வேண்டும். அதே மேசையைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அது முதல் ஒப்படைப்பு.

"இதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்று வங்கி மேனேஜர் ஒருவர் செக்கரிடம் சொன்னார். செக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்தார். இப்படியே போய் ஒரு சுற்று முடிந்து மேசை மறுபடி வங்கி மேனேஜரிடம் வந்து சேர்ந்தது. இரண்டாம் சுற்றில் சிலர் எழுத்துமூலம் ஒப்படைத்தார்கள். மூன்றாம் சுற்றில் துணைக்குழு அமைந்தது. இரண்டு மணி நேரம். மேசை ஓர் அங்குலம் நகரவில்லை. தேநீர் இடைவேளையில் மேஸ்திரி, "அந்தப் பக்கம் புடிங்கக்கா" என்றார். நர்ஸ் அக்கா பிடித்தார். இருபது எட்டு வைத்து அந்தக் கோடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்த இயக்குநருக்கு முகம் கறுத்துவிட்டது. "அறுபத்தெட்டு ஒப்படைப்புகள்! நிறுவன வரலாற்றிலேயே இல்லாத சாதனை. மேசை நகர்ந்ததால் எல்லாம் பாழ்."

மேசையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போடச் சொன்னார். அதையும் அந்த இரண்டு பேர்தான் போட்டார்கள். இரண்டு தடவைக்கும் சேர்த்து இரண்டு பூஜ்யம்.

அன்று சாயங்காலம் ஒரு கடிதம் வந்தது. மறுநாள் நிறைவு விழாவுக்கு வரும் தலைமை விருந்தினர், நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டிய மேலதிகாரி. 'நம்பி விழுதல் என்னும் புகழ்பெற்ற பாடத்தை இயக்குநர் தாமே விழுந்து செய்துகாட்டினால் மகிழ்வேன்' என்று எழுதியிருந்தார்.

இயக்குநர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"விழா மேடையில் இன்னொரு சிறு மேடை வேண்டும். எட்டடி. உங்களிடம் ஒப்படைக்கிறேன்."

"எட்டடி வேணாம் சார். என் தோள் உயரம் போதும்."

"உயரம் நம் மனத்தில்தான் இருக்கிறது."

"விழறது உடம்புதான சார்."

ஐந்தடிக்குப் பேசி முடிந்தது. பின்கட்டில் கிடந்த குழாய்களை எடுத்து மேஸ்திரி கட்டினார். அந்த ஐந்து நாளில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். கட்டி முடித்ததும் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார். கீழே ஆறு மெத்தை போட்டார். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "மெத்தை என்பது பஞ்சடைத்த அவநம்பிக்கை" என்று எடுக்கச் சொல்லிவிட்டார். நாலு மெத்தையை எடுத்துவிட்டு, தன்னுடையதையும் செக்கருடையதையும் மட்டும் மேஸ்திரி மேடையில் விரித்த கம்பளத்துக்கு அடியில் விட்டுவைத்தார்.

"ஏன்யா, ஞானத்துக்காக நான் வெறும் பலகையில படுக்கணுமா?" என்று செக்கர் விடிகிறவரை புலம்பினார்.

*

நிறைவு விழாவுக்குப் பிடிக்கிற எட்டுப் பேரை மதிப்பெண் வரிசைப்படி எடுத்தார்கள். ஒப்படைத்தலில் முதல் எட்டு இடம் வாங்கினவர்கள். பூஜ்யக்காரர்களுக்கு விழாவில் வேலை வேண்டுமே என்று மேஸ்திரியைத் திரைக் கயிற்றிடமும் நர்ஸ் அக்காவைத் தண்ணீர்ப் பானையிடமும் நிறுத்தினார்கள்.

தலைமை விருந்தினர் அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்தார். இயக்குநர் ஐந்தடி மேலே நின்று, தயாரிப்பு மௌனம் முடித்து, பேசினார். "பதினான்கு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோரை விழ வைத்திருக்கிறேன். இன்று முதன்முறையாக..." என்று ஆரம்பித்து, சட்டென்று "மீண்டும் ஒருமுறை" என்று மாற்றிக்கொண்டார்.

கயிற்றடியிலிருந்து மேஸ்திரி பார்த்தார். எட்டுப் பேரும் காலைச் சேர்த்து, கையைப் பின்னால் கட்டி, தலைவர்கள் மாதிரியே நின்றார்கள்.

"சார், நில்லுங்க!" என்று கத்தினார்.

"நன்றி" என்றார் இயக்குநர். கண்ணை மூடினார். "இதோ, என்னையே உங்களிடம் ஒப்படைக்கிறேன்."

சாய்ந்தார். வங்கி மேனேஜர் உடனே எதிரே இருந்தவரைப் பார்த்து, "இவரை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்றார். அவர் செக்கரிடம் ஒப்படைத்தார். செக்கர் வாயைத் திறந்தார். ஐந்தடி உயரத்துக்கு இரண்டு ஒப்படைப்புக்குத்தான் நேரம் இருந்தது.

'தொம்' என்று ஒரு சத்தம். கம்பளத்திலிருந்து தூசி எழுந்தது. நர்ஸ் அக்கா தண்ணீர்ப் பானையை விட்டு ஓடிவந்து, புரட்டிப் பார்த்து, "எலும்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உக்கார்ற எடத்துலதான் நல்ல அடி" என்றார்.

விருந்தினர் கைதட்டினார். அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தார். போகும்போது மட்டும் மதிப்பீட்டாளரிடம் கேட்டார்: "பிடிப்பாங்கன்னு அழைப்பிதழ்ல போட்டிருந்ததே?"

"அது அறிக்கையில் வரும் அம்மா" என்றார் மதிப்பீட்டாளர்.

*

அறிக்கை ஒரு மணி நேரத்தில் வந்தது. 'இயக்குநர் விழுந்தார். பங்கேற்பாளர்களால் பாதுகாப்பாகப் பிடிக்கப்பட்டார்.' கீழே இருபத்து நான்கு சாட்சிகளுக்கு இடம். இருபத்து மூன்று நிரம்பிவிட்டது.

இயக்குநர் அலுவலக மேசை மேல் குப்புறப் படுத்திருந்தார். தலையை மட்டும் தூக்கி மேஸ்திரியைப் பார்த்தார்.

"வணக்கத்துக்குப் பத்து, மேடை கட்டியதற்கு எட்டு, ஆக உங்கள் மதிப்பெண் பதினெட்டு. சாட்சி சொல்வதற்கு இருபத்தைந்து உண்டு. கூட்டிப் பாருங்கள்."

"நாப்பத்து மூணு சார்."

"தேர்ச்சி. கையெழுத்துப் போடுங்கள்."

மேஸ்திரி பேனாவை வாங்கவில்லை. "உங்கள யாரும் புடிக்கலயே சார்."

"புறக்கண்ணால் பார்த்தால் பிடிக்கவில்லைதான்" என்றார் இயக்குநர், தாடி மேசையில் உரச. "விழுந்தது நிகழ்ச்சி. பிடித்தது கருத்து. நிகழ்ச்சி ஒரு நொடியில் முடிந்துபோகிறது. கருத்து அறிக்கையில் நிற்கிறது. பதினான்கு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், யாரும் நிகழ்ச்சியைப் பரிசோதிக்க வருவதில்லை. அறிக்கையைத்தான் கேட்கிறார்கள். ஞானம் என்று நான் கண்டது இதைத்தான்... அம்மா, இதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்."

மதிப்பீட்டாளர் அதற்குள் குறித்துவிட்டிருந்தார்.

காலை வரை யோசிக்க அவகாசம் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு பஸ்.

அறையில் செக்கர் விடவில்லை. "ஒரு கையெழுத்துய்யா! நான் போடலயா? உலகத்துல எந்த ரெஜிஸ்டர்ல உண்மை இருக்கு? உம்ம ஆளுங்க தலைக்கு மேல அந்த ஸ்டோர்கீப்பர் வந்து நிப்பான். அதவிடவா?"

நர்ஸ் அக்கா தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "நானும் போட்டுட்டேன்ண்ணே. வார்டுல முப்பது பேரு படுத்திருக்காங்க. நான் போகலேன்னா யாரு வருவான்னு எனக்குத் தெரியும்."

மேஸ்திரிக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. போட்டால், பார்க்காத பலகைக்குக் கையெழுத்துப் போட்டவன் ஆவார். ஒரு தடவை போட்ட கை மறுதடவை கூசாது. அப்புறம் அவர் சீட்டை நம்பி ஏறுகிறவன் எதை நம்பி ஏறுவான்? போடாவிட்டால், திங்கட்கிழமை மூன்றாவது தட்டுக்காரர் சீட்டை நம்பி மச்சினன் நூற்று நாற்பது அடி ஏறுவான். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி.

விடிந்ததும் நேரே இயக்குநர் அறைக் கதவைத் தட்டினார்.

"கையெழுத்துப் போடறேன் சார். நீங்க இன்னொரு தடவை விழுங்க."

"இந்த இடுப்போடா?"

"இந்தத் தடவை புடிப்போம் சார். புடிச்சத என் கையால பாத்துட்டேன்னா போட்டுடறேன். தேதி மட்டும் இன்னைத் தேதி."

இயக்குநர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். அவர், "அறிக்கை ஒன்பது மணிக்குள் போயாக வேண்டும் ஐயா" என்றார்.

*

சிறு மேடை அப்படியே இருந்தது. மேஸ்திரி தன்னோடு சேர்த்து எட்டுப் பேரைப் பொறுக்கினார். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். நர்ஸ் அக்கா, தினமும் மாவு மூட்டை தூக்குகிற ரொட்டிக்கடைக்காரர், அச்சகத்து ஃபோர்மேன் என்று நிறுத்தினார். தோள் இல்லாவிட்டாலும் செக்கரையும் சேர்த்துக்கொண்டார்.

"நேத்து விட்ட கை உங்களோடது. அதனால இன்னைக்கு விடமாட்டீங்க."

செக்கர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இயக்குநர் ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலாக ஏறினார். திரும்பி நின்றார். நர்ஸ் அக்கா மூன்று எண்ணினார். ஒன்றும் நடக்கவில்லை.

"எல்லாரும் இருக்கிறீர்களா?"

"இருக்கோம் சார்."

"வங்கி மேனேஜர் அங்கே இல்லையே?"

"வாசல்ல பெட்டிக்குக் காவல் வச்சிருக்கோம் சார்."

மறுபடி எண்ணினார்கள். மறுபடி இல்லை. வேர்வை தாடியில் சொட்டியது. மதிப்பீட்டாளர் பழக்கத்தில் பென்சிலை எடுத்து, 'ஆயத்தம் பத்து நிமிடம்...' என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தார். வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"சார்" என்றார் மேஸ்திரி, கீழே கையை நீட்டியபடி. "பயமா இருக்கும். இருக்கணும். பயமில்லாதவன நான் மேல ஏத்தறதே இல்ல. கண்ண மூடாதீங்க. கூரையப் பாத்துக்கிட்டே வாங்க."

இயக்குநர் கூரையைப் பார்த்தார். சாய்ந்தார்.

பதினாறு கை பிடித்தது. எண்பது கிலோ இருக்கும். கைகள் ஓரங்குலம் தணிந்து அப்படியே நின்றன. இயக்குநர் கண்ணைச் சிமிட்டாமல் மேலேயே பார்த்துக்கொண்டு, அவ்வளவு கைகள் மேலும் அசையாமல் கிடந்தார்.

"எறக்கலாங்களா சார்?" என்றார் நர்ஸ் அக்கா.

"இருங்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படியா இருக்கிறது இது?" என்றார்.

இறக்கிவிட்டதும் நிற்கத் தடுமாறினார். தாடியை ஒதுக்கிக்கொண்டு மேஸ்திரி காதருகே வந்தார்.

"இன்னொரு தடவை?"

மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஓடாத குறையாக ஏறினார். பஸ் டிரைவர் உள்ளே வந்து திட்டியிருக்காவிட்டால் நாலாவதும் விழுந்திருப்பார். மதிப்பீட்டாளர் அம்மா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தடவை உண்டா என்று கேட்டுப் பார்த்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி அறிக்கையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே 'மூன்று தரம் பார்த்தேன். கை பிடிக்கிறது. காலை ஏழு ஐம்பது' என்று எழுதித் தேதியும் போட்டார்.

"இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?" என்றார் மதிப்பீட்டாளர்.

"படிக்கலேன்னா போகட்டும்மா" என்றார் மேஸ்திரி.

*

திங்கட்கிழமை காலையில் புகைபோக்கியின் அடியில் காற்று சுழன்று சுழன்று அடித்தது. குழாய்கள் லாரியில் இருந்தன. பதினோரு பேரும் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டோர்கீப்பர் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குடை அவரைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏறச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"இன்னைக்கு ஏறல சார்."

"யாரக் கேட்டு?"

மேஸ்திரி சட்டைக்குள்ளிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் முன்பக்கம் படித்தார். பின்பக்கம் திருப்பினார், அங்கே ஒன்றுமில்லை. ஏறக் கூடாது என்று சொல்லத் தலைவருக்கு உரிமை இல்லை என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று தேடினார். எங்கேயும் இல்லை. ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர், "இந்த முடிவை நான் மேஸ்திரியிடமே ஒப்படைக்கிறேன்" என்றார். மேனேஜர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

எல்லாரும் வாரைக் கழற்றிவிட்டு லாரிக்கு மறைவாக உட்கார்ந்தார்கள்.

"எத்தன மார்க்கு மாமா?" என்று மச்சினன் கேட்டான்.

"நாப்பத்து மூணு."

"அவ்வளவுதானா? ஸ்டோர்கீப்பரு தொண்ணூத்தாறாமே!"

"இருக்கும்டா."

மச்சினன் மேலே பார்த்தான். புகைபோக்கியின் உச்சியில் மேகம் விரைந்து ஓடுவதில், புகைபோக்கியே இவர்கள் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. மதியம் வரைக்கும் காற்று நிற்கவில்லை. ஒருத்தரும் ஏறவில்லை.